ஒரே விசயத்தை எழுதிறதா, எல்லாத்தையும் எழுதிறதா? ஒன்லைன்ல எழுதி உழைக்க நினைக்கிற ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்வியள்

நான் கோண்டாவில்ல இருந்து எட்டொன்பது வருசமா ஒன்லைன்ல எழுதிறன், வீட்டுச் செலவில ஒரு பங்கு அதில வாற காசிலதான் ஓடுது. ஏஎல் முடிச்சிட்டு நிக்கிற பிள்ளையள், கம்பஸ் பிள்ளையள், கைக்குழந்தையோட வேலைக்குப் போக ஏலாமல் வீட்டில இருக்கிற தங்கச்சிமார் எண்டு கனபேர் கேக்கிறவை. எல்லாரும் கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்வியளைத்தான், அதால ஒரு இடத்தில வடிவா எழுதி வைக்கிறன், இனி ஆரும் கேட்டா இதை அனுப்பலாம்.

ஒரே துறையைப் பிடிச்சு எழுதினாக் காசு வருமோ, பல விசயத்தையும் எழுதினாக் காசு வருமோ?

எங்கட சந்தியில ஒரு பலசரக்குக் கடை இருக்கு, அரிசி, சவுக்காரம், பனடோல், கொப்பி, போன் ரீலோட் எல்லாம் அங்க இருக்கு. கஸ்தூரியார் வீதிக்குப் போனா வரிசையா நகைக்கடையள், அங்க நகையைத் தவிர ஒண்டும் இல்ல. ரெண்டு விதமான கடையும் கனகாலமா ஓடிக்கொண்டுதான் இருக்கு. சந்திக் கடையில நூறு சாமான் இருந்தாலும் வாற ஆள் ஒரே ஆள்தான், அந்த ஒழுங்கையில இருக்கிற குடும்பம், காலமை பால்மாவுக்கு வந்த அதே பிள்ளைதான் பின்னேரம் கொப்பிக்கு வருது. நகைக்கடைக்கு வாறவையும் ஒரு தேவையோட வாறவை, கலியாணம், சாமத்தியவீடு, பிள்ளைக்குக் காது குத்து.

எழுத்தும் அப்பிடித்தான். தலைப்பு ஒண்டோ பலவோ எண்டு மண்டையை உடைக்கிறதை விட, வாசிக்கிற ஆள் ஒராளோ பலபேரோ எண்டு பாருங்கோ. ஒரே ஆளுக்கு நீங்கள் பத்து விசயத்தைப் பற்றி எழுதலாம், அந்த ஆள் திரும்பி வருவார். ஆனா இண்டைக்கு சினிமா பாக்கிறவருக்கு ஒண்டு, நாளைக்கு கோழி வளக்கிறவருக்கு ஒண்டு, அடுத்த நாள் ஐபோன் வாங்கிறவருக்கு ஒண்டு எண்டு எழுதினா மூண்டு பேரும் ஒருக்கா வந்து போயிடுவினம், ஒருத்தருக்கும் உங்கட பேர் ஞாபகம் இருக்காது. நான் மூண்டு வருசம் அப்பிடித்தான் எழுதினன், அதைத்தான் கீழ சொல்லப் போறன்.

நீங்கள் எப்பிடித் தொடங்கினனீங்கள்?

எல்லாத்தையும் எழுதினன். படச் செய்தி, போன் விலை, பொன்மொழி, அரசாங்க வேலை விளம்பரம், மருதாணி போடுறது, கிரிக்கெட் எண்டு கண்ணில பட்டதெல்லாம். ஒரு நாளைக்கு மூண்டு பதிவு கூடப் போட்டனான். ஆக்கள் வந்தவை, ஆனா வந்த வேகத்தில போனவை, மூண்டு வருசத்தில விளம்பரக் காசு எண்டு கையில எடுத்தது ரெண்டே ரெண்டு தரம்.

அந்தக் குவியலுக்குள்ள ஒரேயொரு கட்டுரை மட்டும் விழாமல் நிண்டது. வெளிநாட்டில இருந்துகொண்டு யாழ்ப்பாணத்தில பிறந்த ஆளின்ர பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை பிரதேச செயலகத்தில எப்பிடி எடுப்பிக்கிறது எண்டு எழுதினது. என்ட சித்தி ரொறொன்ரோவில இருந்து கேட்டு நான் அலைஞ்சு எடுத்துக் குடுத்தனான், அந்த அலைச்சலை அப்பிடியே எழுதினது, வேற ஒண்டும் இல்ல. அதை ஒவ்வொரு நாளும் ஆரோ வாசிச்சினம். கனடா, லண்டன், பாரிஸ், சுவிஸ் எண்டுதான் அவையின்ர இடமெல்லாம் காட்டும். கீழ வந்து கேள்வி கேட்டிச்சினம், பேர் எழுத்து மாறிக் கிடக்கு என்ன செய்யிறது, மொழிபெயர்ப்பு ஆரிட்டக் குடுக்கிறது, அப்பாவின்ர காணி உறுதி துலைஞ்சு போச்சு பிரதி எடுக்கலாமோ, நல்லூர்த் திருவிழாவுக்கு வாறம் எங்க தங்கிறது, குறிகட்டுவான்ல இருந்து நயினாதீவுக்குப் படகு எத்தினை மணிக்கு.

ஒரு நாள் இருந்து அந்தக் கேள்வியளை ஒரு கொப்பியில எழுதிப் பாத்தன். சான்றிதழ், காணி, கோயில், படகு, தங்குமிடம், சாப்பாடு. பாத்தா ஆறு துறை, ஆனா கேக்கிறது ஒரே ஆள். எண்பதுகளில தொண்ணூறுகளில இங்க இருந்து போன ஆக்களின்ர பிள்ளையள், தமிழ் வாசிக்கத் தெரிஞ்சவை, ஊருக்கு வர ஆசை, ஆனா ஊரில ஒரு அலுவலை எப்பிடிப் பாக்கிறது எண்டு தெரியாதவை. அண்டைக்குத்தான் எனக்கு எல்லாம் விளங்கினது. அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு உதவாத ஒண்டையும் நான் எழுதேல்ல.

அப்ப பல விசயமும் கலந்து எழுதிறது பிழையோ?

பிழையே இல்ல. 1841ல யாழ்ப்பாணத்தில அமெரிக்க மிசனரிமார் தொடங்கின உதயதாரகை எண்ட பத்திரிகையை எடுத்துப் பாருங்கோ, சமயம், கல்வி, விஞ்ஞானம், செய்தி எல்லாம் அதுக்குள்ள இருந்தது, தமிழும் இங்கிலீசும் எண்டு ரெண்டு மொழி. ஆனா வாசிச்சவை ஆர், அந்தக் காலத்தில மிசன் பள்ளிக்கூடங்களால எழுத்து வாசனை வந்த ஆக்கள். மற்றப் பக்கம் எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966ல தொடங்கின மல்லிகை எண்ட சஞ்சிகை, இலக்கியம் எண்ட ஒரே பாதையில நாப்பது வருசத்துக்கு மேல வந்தது. ரெண்டு வழியும் எங்கட மண்ணிலயே நடந்திருக்கு. ரெண்டுக்கும் தன்ர வாசகர் ஆரெண்டு தெரிஞ்சிருந்தது.

கூகிளுக்கு எது பிடிக்கும்?

இதுக்குக் கொஞ்சம் பழைய கதை தெரியவேணும். 2005 அளவில இருந்து இங்கிலீசில எதையெண்டாலும் எழுதலாம், வாசிக்கிற அளவுக்குக் காசு எண்டு பெரிய பெரிய தளங்கள் வந்தது. அசோசியேட்டட் கொன்டென்ட் எண்டு ஒண்டு, அதை 2010ல யாகூ வாங்கினது. நாய்க்குச் சாப்பாடு தொடக்கம் வருமான வரி வரைக்கும் அதில இருந்தது. 2011 பெப்ரவரியில கூகிள் பாண்டா எண்டு ஒரு மாற்றம் கொண்டுவந்தது, ஆழமில்லாமல் குவிச்சு எழுதிற தளங்களை கீழ தள்ளிறதுதான் நோக்கம், அமெரிக்காவில தேடிற தேடலில 12 வீதம் அளவுக்கு அது மாத்தினது எண்டு கூகிளே சொன்னது. யாகூ வாங்கின அந்தத் தளம் பிறகு யாகூ வொய்சஸ் எண்டு பேர் மாறி 2014ல மூடுப்பட்டுப் போச்சு. அதில வருசக்கணக்கா எழுதி வைச்சு மாசம் மாசம் காசு வரும் எண்டு நம்பியிருந்த ஆக்களின்ர வருமானம் ஒரே நாளில நிண்டது.

அபௌட் டொட் கொம்மின்ர கதை இன்னும் பாடம். தொண்ணூறுகளில தொடங்கி, உலகத்தில உள்ள எல்லாத்தைப் பற்றியும் ஒரே கூரைக்குக் கீழ வைச்சிருந்த தளம். ஆக்கள் குறையக் குறைய, 2016ல இருந்து அவை அதைத் துண்டு துண்டாப் பிரிச்சினம், உடம்புக்கு வெரிவெல், காசுக்கு த பலன்ஸ், தொழில்நுட்பத்துக்கு லைஃப்வயர், வீட்டுக்கு த ஸ்புரூஸ். 2017ல அந்தப் பழைய பேரையே கைவிட்டு டொட்டாஷ் எண்டு மாத்திச்சினம். ஒரு பெரிய பலசரக்குக் கடையை இடிச்சு நாலு நகைக்கடை கட்டின மாதிரி, அதுக்குப் பிறகுதான் அவை நிமிர்ந்தவை.

அதுக்காக கூகிள் ஒரே விசயம் எழுதிறவையை மட்டும் தூக்கிவிடும் எண்டு நினைக்காதேங்கோ. 2022 ஓகஸ்ட்டில அவை கொண்டுவந்த மாற்றத்தில கேட்ட கேள்வி, இது ஆக்களுக்கு எண்டு எழுதினதோ இல்லாட்டி தேடல்ல முன்னுக்கு வர எண்டு எழுதினதோ எண்டதுதான். அந்த வருசக் கடைசியில தங்கட தர வழிகாட்டியில அனுபவம் எண்ட சொல்லையும் சேத்தவை, அதாவது எழுதின ஆள் அந்த விசயத்தைத் தானே செய்து பாத்தவரோ எண்டது. எங்களைப் போல சின்ன ஆக்களுக்கு இது நல்ல செய்தி எண்டுதான் நான் நினைக்கிறன், ஏனெண்டா பிரதேச செயலகத்தில வரிசையில நிண்டது நான், நியூயோர்க்கில இருக்கிற கொம்பனி இல்ல.

என்ட துறை எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

இதுதான் ஆகக் கஷ்டமான கேள்வி, ஆறுதலாச் சொல்லுறன்.

முதல்ல உங்களிட்ட ஆக்கள் ஏற்கனவே என்ன கேக்கினம் எண்டு பாருங்கோ. ஒவ்வொருத்தரிட்டயும் ஊர் ஏதோ ஒண்டைக் கேக்கும். ஒரு அக்காவிட்ட தையல் கேக்கும், ஒரு தம்பியிட்ட போன் திருத்திறது கேக்கும், ஒரு ஐயாவிட்ட எப்ப கண்டாலும் மாமரம் ஏன் காய்க்கேல்ல எண்டு கேக்கும். உங்களிட்டக் கேக்கிற கேள்விதான் உங்கட துறையின்ர வாசல். எனக்குப் பிடிச்சது என்ன எண்டு தேடினா கனக்க அலைவியள், பிடிச்சது மாறிக்கொண்டே இருக்கும்.

பிறகு ஒரு கொப்பியை எடுத்து அந்த ஆள் கேக்கக்கூடிய கேள்வியா முப்பது தலைப்பு எழுதுங்கோ, ஒண்டையும் பாக்காமல். பத்தோட நிண்டுபோனா துறை சின்னன், இல்லாட்டி உங்களுக்கு அதில அனுபவம் இன்னும் காணாது. முப்பது வந்து இன்னும் வந்துகொண்டிருந்தா அதுதான். போன வருசம் உரும்பிராய்ப் பக்கம் ஒரு தம்பி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பற்றி மட்டும் எழுதப் போறன் எண்டு வந்தவர். நான் சொன்னன் தம்பி, மாம்பழம் காய்க்கிறது வருசத்தில கொஞ்ச மாசம், மிச்ச மாசம் என்ன எழுதுவீர் எண்டு. அவர் யோசிச்சிட்டு, வீட்டுவளவில மரம் வைக்கிற ஆளுக்கு எண்டு மாத்தினார், மா, பலா, தேசி, மாதுளை, முருங்கை, கிணத்துத் தண்ணி உப்பாப் போனா என்ன வைக்கலாம், ஒட்டுக்கண்டு எப்பிடிப் பாத்து வாங்கிறது. நாப்பத்தியிரண்டு தலைப்பு ஒரே இரவில எழுதினவர். ஒரு பழத்தில நிக்காமல் ஒரு வளவுக்கு விரிச்சார், ஆனா ஆள் மாறேல்ல, வளவுக்குச் சொந்தக்காரர்தான்.

பருவத்தையும் பாருங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாள், அதுக்கு ஒரு மாசம் முதல் தொடங்கித் தேரும் தீர்த்தமும் முடியும் வரைக்கும் எனக்கு ஆக்கள் அலையா வருவினம், முடிய அப்பிடியே வத்திப்போகும். திருவிழாவை மட்டும் நம்பியிருந்தா மிச்ச மாசம் பட்டினிதான். அதுதான் சான்றிதழும் காணியும் எனக்கு மாரிகாலத்துக்கும் சோறு போடுது.

தமிழில எழுதிறதோ, இங்கிலீசில எழுதிறதோ?

தமிழுக்கு கூகிள் எட்சென்ஸ், அதாவது எங்கட தளத்தில விளம்பரம் போட்டு எங்களுக்குக் காசில பங்கு தாற கூகிளின்ர சேவை, வந்தது 2018 பெப்ரவரியில. அதுக்கு முதல் தமிழ்த் தளத்துக்கு விளம்பரம் எடுக்கிறதே பெரிய பாடு. இப்ப எடுக்கலாம், ஆனா ஒரு உண்மை, விளம்பரத்துக்கு என்ன விலை எண்டதை எழுத்தின்ர மொழியோட வாசிக்கிற ஆள் எந்த நாட்டில இருக்கிறார் எண்டதும் சேர்ந்துதான் தீர்மானிக்குது. கனடாவில இருந்து ஒருத்தர் தமிழ்க் கட்டுரையைத் திறந்தா அவருக்குக் கனடா விளம்பரம் காட்டும், அங்கத்தைக் கடைக்காரர் குடுக்கிற காசு இங்கத்தையை விடக் கூட. எங்கட ஆக்கள் உலகம் முழுக்க இருக்கினம் எண்டது எங்களுக்குப் பெரிய பலம், தமிழ் எண்டாக் காசில்ல எண்டு சொல்லுற ஆக்கள் இதை யோசிக்கிறேல்ல.

இங்கிலீசில எழுத வடிவா ஏலுமெண்டா எழுதுங்கோ, அங்க வாசகர் கனக்க, போட்டியும் கனக்க. அங்க போனா துறையை இன்னும் ஒடுக்க வேணும், சமையல் எண்டு போனா ஒருத்தரும் காணாயினம், யாழ்ப்பாணத்துச் சமையல் எண்டு போனா ஒடியல் கூழ் தேடிற ஆள் உங்களிட்டத்தான் வரவேணும். தமிழில அவ்வளவு ஒடுக்கத் தேவையில்ல. இது கனபேர் விடுகிற பிழை, அமெரிக்காக்காரர் சொல்லுறதைக் கேட்டு அதே அளவு ஒடுங்கின துறையைத் தமிழில பிடிச்சிட்டு ஆக்கள் வரேல்ல எண்டு ஒரு வருசத்தில கைவிடுகினம்.

வேற ஆக்களுக்கு எழுதிக் குடுத்து உழைக்கிறவைக்கும் இதேதானோ?

இல்ல, அங்க கணக்கு வேற. வாடிக்கையாளருக்கு எழுதேக்க எல்லாம் எழுதுவன் எண்டு சொல்லுற ஆளுக்கு ஆகக் குறைஞ்ச விலைதான் கிடைக்கும், ஏனெண்டா அவரை மாதிரி ஆயிரம் பேர். மருந்துக் கொம்பனிக்குத் தமிழில துண்டுப்பிரசுரம் எழுதுவன், சட்ட ஆவணம் இங்கிலீசில இருந்து தமிழுக்கு மாத்துவன் எண்டா ஆள் குறைவு, விலை கூட. ஆனா முதல் ஆறு மாசம் ஒரு வருசம் வாறதெல்லாத்தையும் எழுதிப் பாருங்கோ எண்டுதான் நான் சொல்லுவன், எதில உங்கட கை வேகமா ஓடுது, எந்த வாடிக்கையாளர் திரும்பி வாறார், எவர் காசை இழுத்தடிக்கிறார் எண்டு அப்பத்தான் தெரியும். எனக்கு ஒரு நிறுவனம் நாப்பது கட்டுரை எழுதிவிச்சிட்டு பாதிக் காசோட நிண்டது, அதுக்குப் பிறகு முற்பணம் இல்லாமல் நான் தொடங்கிறேல்ல.

விலை சொல்லேக்க தளம் எடுக்கிற பங்கையும் கணக்குப் பாருங்கோ. ஃபைவர் எண்டு வேலை செய்யிற ஆளையும் வாடிக்கையாளரையும் சேத்துவிடுற தளத்தில 100 டொலருக்கு வேலை செய்தா 20 டொலர் அவைக்கு, உங்களுக்கு 80தான்.

உடம்பு, காசு பற்றி எழுதினாக் கூட வருமாமே?

விளம்பர விலை கூடத்தான். ஆனா ஆக்களின்ர உயிரையும் உழைப்பையும் தொடுகிற விசயங்களை கூகிள் தனியா வைச்சு இறுக்கமாப் பாக்குது, படிச்ச ஆள் எழுதாட்டி மேல வாறது கஷ்டம். கூகிளை விடுங்கோ, நீரிழிவுக்கு மருந்தை நிப்பாட்டிப்போட்டு பாகற்காய்ச் சாறு குடியுங்கோ எண்டு ஆரோ எழுதினதை நம்பி எங்கட ஒழுங்கையில ஒரு அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தவ. அந்தக் கட்டுரையை எழுதின ஆளுக்கு அதால ஒரு ரூபாவுக்குக் கிட்டக் கூட வந்திருக்காது. தெரியாத விசயத்தில ஒருத்தரின்ர உடம்போட விளையாடாதேங்கோ, இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறன்.

நானும் காணி பற்றி எழுதேக்க ஒரு எல்லை வைச்சிருக்கிறன். உறுதிப் பிரதி எடுக்கக் காணிப் பதிவகத்தில என்ன குடுக்க வேணும் எண்டு எழுதுவன், அது நான் செய்தது. ஆனா இங்கத்தைக் காணிக்குத் தேசவழமையும் வரும், ஒல்லாந்தர் காலத்தில 1707ல எழுதி வைச்ச வழமை, சீதனம், முதுசம், பங்காளிக்கு முதல் வாங்கிற உரிமை எண்டு அதுக்குள்ள கனக்க இருக்கு. அதில என்ட வாயால தீர்ப்புச் சொல்லுறேல்ல, ஒரு சட்டத்தரணியிட்டக் காட்டுங்கோ எண்டு எழுதிப்போட்டு விட்டிடுவன்.

ஒரே விசயத்தை எழுதி எழுதி அலுத்துப்போச்சு, என்ன செய்யிறது?

அலுக்கும், எனக்கும் அலுத்தது. எங்கட செம்மண் தோட்டத்தில வெங்காயம் வைக்கிற ஆள் வரம்பில மிளகாயோ கீரையோ வைப்பார், போகத்துக்குப் போகம் பயிரை மாத்துவார், வெங்காயம் விலை விழுந்த வருசம் வீட்டைக் காப்பாத்தினது அந்த வரம்புதான். அப்பிடி ஒரு வரம்பை வைச்சிருங்கோ. நான் வெள்ளிக்கிழமை எண்டா காசைப் பற்றி யோசிக்காமல் எனக்குப் பிடிச்சதை எழுதுவன், அம்மம்மா பனாட்டுப் போட்டது, பழைய கிணத்தடிக் கதையள். அது ஒரு சதமும் தராது எண்டு நினைச்சன், ஆனா சான்றிதழுக்கு வந்த பிள்ளையள் அதையும் இருந்து வாசிச்சிட்டு அம்மாவுக்கு அனுப்புகினம்.

அலுப்புக்கும் வேற காரணம் இருக்கலாம், ஒருத்தரும் வாசிக்கேல்ல எண்ட களைப்பை நாங்கள் துறை அலுத்துப்போச்சு எண்டு நினைக்கிறனாங்கள். அதைப் பிரிச்சுப் பாருங்கோ.

ரெண்டு துறை எண்டா ரெண்டு தளம் வேணுமோ?

வாசகர் ஒராள் எண்டா ஒண்டு காணும். முழுக்க வேற ஆள் எண்டா ரெண்டு. ஆனா முதல் ஒண்டு நிமிரட்டும், ரெண்டு குழந்தையை ஒண்டா வளக்கிற பாடு.

ஏற்கனவே எல்லாத்தையும் கலந்து எழுதின தளம் ஒண்டு இருக்கு, அழிக்கிறதோ?

அவசரப்பட்டு அழிக்காதேங்கோ. கூகிள் தாற சேர்ச் கொன்சோல் எண்ட இலவசக் கருவியில ஒரு வருசக் கணக்கைப் பாருங்கோ, எந்தக் கட்டுரைக்கு ஆக்கள் வருகினம், என்ன சொல் போட்டுத் தேடி வருகினம் எண்டு அதில தெரியும். ஆக்கள் வாறதை எடுத்து ஒரு பட்டியல் போட்டா ஒரு முகம் தெரியும், எனக்குத் தெரிஞ்ச மாதிரி. அந்த முகத்துக்குச் சம்பந்தமில்லாததை மெல்ல மெல்ல எடுங்கோ. நான் எழுநூறுக்குக் கிட்ட இருந்ததில நூற்றிருபதைத்தான் வைச்சிருந்தன், எடுக்கேக்க நெஞ்சு நொந்தது, மூண்டு வருச உழைப்பெல்லோ. முதல் ரெண்டு மாசம் ஆக்கள் குறைஞ்சினம், பிறகு ஏறினது.

வைச்சிருக்கிறதைப் புதுப்பிக்கிறதும் எழுதிறதுக்குச் சமன். பலாலியில 2019 ஒக்டோபர்ல விமான நிலையம் திறந்தது, 2020ல கொரோனாவோட நிண்டது, 2022 டிசம்பர்ல திரும்ப சென்னை விமானம் வந்தது, 2023 ஒக்டோபர்ல காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் கப்பல் தொடங்கிப் பிறகு அதுவும் நிண்டு திரும்ப ஓடினது. ஊருக்கு எப்பிடி வாறது எண்ட ஒரே கட்டுரையை நான் எத்தினை தரம் திருத்தியிருப்பன். அதைத் திருத்தாமல் விட்டு ஒரு குடும்பம் அதை நம்பி ரிக்கெட் போட்டு ஏமாந்தா அது என்ட பிழை.

காசு கைக்கு எப்பிடி வரும்?

எட்சென்ஸ்ல உங்கட கணக்கில 10 டொலர் சேர, விலாசத்தைச் சரிபாக்கத் தபாலில ஒரு பின் நம்பர் அனுப்புவினம். விலாசத்தை ஒழுங்கை, வீட்டு இலக்கம் எண்டு வடிவாக் குடுங்கோ, தபால்காரருக்கும் ஒருக்காச் சொல்லி வையுங்கோ, எனக்கு முதல் தரம் வந்தது வந்து சேரவே இல்ல. 100 டொலர் சேந்தாப்பிறகுதான் பாங்குக்குக் காசு போடுவினம். புது ஆளுக்கு அந்த நூறு சேர மாசக்கணக்கு ஆகலாம், அதில மனம் உடையாதேங்கோ. வெளிநாட்டு வாடிக்கையாளர் காசை நான் பேயோனியர் எண்ட ஒன்லைன் காசுச் சேவையால எடுக்கிறன். பேபாலால இலங்கையில இருந்து காசு அனுப்பலாம், வாங்கேலாது எண்ட நிலை கனகாலம் இருந்தது, அதால வேலைக்குச் சம்மதிக்க முதல் எப்பிடிக் காசு தருவியள் எண்டு கேளுங்கோ.

வரியையும் மறக்காதேங்கோ. 2025 ஏப்ரல்ல இருந்து, வெளிநாட்டுக்குச் சேவை செய்து வெளிநாட்டுக் காசில பாங்குக்கு வாற வருமானத்துக்கு ஆகக்கூடியது 15 வீதம் வரி, வருசத்தில 18 இலட்சம் ரூபா வரைக்கும் தனி ஆளுக்கு விலக்கு இருக்கு. அந்த அளவுக்கு வராட்டியும் ரின் நம்பரை, அதாவது வரி கட்டுறவைக்குத் தாற இலக்கத்தை, எடுத்து வையுங்கோ, வந்த காசுக்கு ஒரு கணக்குக் கொப்பியும்.

வேலையை விட்டிட்டு இதில இறங்கலாமோ?

இறங்காதேங்கோ, உடன இறங்காதேங்கோ. 2022 மார்ச்சில ரூபாவை மிதக்க விட்டாப்பிறகு 200 ரூபா அளவில நிண்ட டொலர் மே மாசத்தில 360க்குக் கிட்டப் போனது, அப்ப டொலர்ல உழைச்ச ஆக்களைப் பாத்து ஊரில கனபேர் வேலையை விட்டவை. டொலர் கூடினது உண்மை, ஆனா கரண்டும் இல்ல, மண்ணெண்ணெயும் இல்ல, எழுத எங்க. சம்பளத்தில பாதி அளவு ஒரு வருசம் விடாமல் எழுத்தில வந்தா அப்ப யோசியுங்கோ. ஒரு துறையில நிண்டு ஒழுங்கா எழுதினா ஆக்கள் தேடி வரவே எட்டு மாசம், ஒரு வருசம் பிடிக்கும் எண்டதுதான் நான் என்னிலயும் என்ட கூட்டாளியளிலயும் கண்டது.

ஏஐ எழுதுதே, இனி நாங்கள் எழுதி என்ன?

சட்ஜிபிடி 2022 நவம்பர்ல வந்தாப்பிறகு பொதுவா எழுதிறவைக்குத்தான் முதல் அடி. தக்காளியின்ர பத்து நன்மை எண்டு எழுதின கட்டுரையளுக்கு இப்ப ஆர் வருகினம், கேள்விக்குக் கூகிளே மேல பதிலைக் காட்டினா கீழ வந்து திறக்கிற ஆள் குறைவு. எனக்கும் சில கட்டுரைக்கு ஆக்கள் குறைஞ்சவை, மறைக்கேல்ல. குறையாமல் நிக்கிறது, நான் போய்ப் பாத்து எழுதினது. எந்தக் கவுண்டர்ல எந்தப் படிவம், மத்தியானம் பன்னிரண்டுக்குப் பிறகு போனா என்ன சொல்லுவினம், படகுக்கு எந்தப் பக்க வரிசையில நிண்டா வெயில் படாது எண்டது மிசினுக்குத் தெரியாது. பல விசயம் எழுத ஆசையெண்டா பல இடத்துக்குப் போங்கோ, வீட்டில இருந்து பல விசயம் எழுதிற காலம் போயிட்டுது எண்டுதான் எனக்குப் படுது.

பழைய விசயம் எழுதேக்க சரிபிழை எங்க பாக்கிறது?

நூலகம் எண்ட இணைய நூலகம் 2005ல இருந்து எங்கட பத்திரிகையள், சஞ்சிகையள், ஊர் மலர்களை ஸ்கான் பண்ணி இலவசமா வைச்சிருக்கினம், அதில தேடுங்கோ. ஒரு கோயிலைப் பற்றி எழுத முதல் அந்த ஊர்க் கும்பாபிஷேக மலரை நான் அதில பாப்பன். பேஸ்புக்கில வாறதை நம்பி எழுதாதேங்கோ.

லப்டொப் இல்ல, போனில தொடங்கலாமோ?

ஓம். என்ட முதல் வருசக் கட்டுரை முழுக்க போனிலதான் அடிச்சனான், பிள்ளை நித்திரையாகின பிறகு தொட்டிலுக்குப் பக்கத்தில இருந்து. கூகிள் கீபோர்ட்ல தமிழைப் போட்டா வாயால சொன்னாலும் எழுதும், எங்கட கதையை அது சிலநேரம் இந்தியத் தமிழா மாத்தும், திருத்துங்கோ. எழுதினதை போன்ல மட்டும் வைச்சிராமல் ஜிமெயில்ல ஒரு பிரதி உங்களுக்கே அனுப்பி வையுங்கோ, எனக்கு ஒருக்கா போன் கிணத்துக்குள்ள விழுந்து பதினொரு கட்டுரை போனது.